அது பவழம் இல்லை

என் அண்ணன் இலங்கையிலிருந்து கொண்டுவந்தவற்றில் இரண்டை எங்கள் அம்மைக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஒன்று, வில்லால் இழுத்துச் சுற்றுகிற சாணைச் சக்கரம். இன்னொன்று, மயினி, அதாவது அவன் பெண்டாட்டி.

கொட்டாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றபோது மயினி அந்தச் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறக்குவதற்குக் கை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரரிடம், “வேண்டாம், இது உடைஞ்சா நான் எதை வச்சு இழைக்க?” என்றாள். புதுப்பெண் எங்கள் தெருவில் பேசிய முதல் பேச்சு அதுதான். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மையின் முகம் அப்போதே சுருங்கிவிட்டது.

அண்ணன் இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரியிடம் வேலைக்குப் போனவன். மயினியின் அப்பா அந்த வியாபாரிக்குக் கல் இழைத்துக் கொடுத்தவர். தோவாளைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். ஆண்பிள்ளை இல்லாததால் மகளையே சக்கரத்தின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அவர் இறந்தபிறகு அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, கொட்டாரம் சந்திப்பில் ஒரு சின்னக் கடை போட்டான். கன்னியாகுமரிக்குத் தீர்த்தமாடப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். மோதிரத்துக்கும் கம்மலுக்கும் கல் கேட்பார்கள். மயினி பின்கட்டில் உட்கார்ந்து இழைப்பாள். அண்ணன் கடையில் உட்கார்ந்து விற்பான்.

அவள் கைக்கு மாணிக்கமும் நீலமும் வந்ததில்லை. தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளில் மண் ஒட்டிய கிழங்கு மாதிரி சில கற்கள் வரும். அதில் பாதிக்குமேல் ஜாஸ்பர். சிவப்பு, மஞ்சள், பச்சை, தவிட்டு நிறம் என்று எல்லா நிறத்திலும் இருக்கும், ஆனால் ஒளி உள்ளே போகாது. அதனால் அதற்குப் பட்டை தீட்டிப் பயனில்லை. அடியில் தட்டையாகவும் மேலே குமிழாகவும், பாதியாகப் பிளந்த அவரைவிதை போல உருட்டி எடுக்கவேண்டும். ஒரு கோலின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, வலது கையால் வில்லை இழுத்துக்கொண்டே இடது கையால் அதைச் சக்கரத்தில் காட்டுவாள். கடைசியில் தோலில் தேய்ப்பாள். அழுக்குக் கிழங்காக வந்தது எண்ணெய் தடவிய நெற்றி மாதிரி பளபளக்கும்.

மூட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்தால் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கண்ணாடி என்றால் சீக்கிரம் சூடேறிவிடுமாம். கல் வெகுநேரம் குளிர்ந்தே இருக்கும். பிறகு வெயிலுக்கு நேராகப் பிடித்து அதன் ஓரத்தைப் பார்ப்பாள். ஓரத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் கசிந்தால் அது ஜாஸ்பர் இல்லை, அதற்கு வேறு பெயர். கசியாமல் மண்சுவர் மாதிரி நின்றால் கத்தி முனையால் ஒரு கோடு இழுப்பாள். கீறல் விழவில்லை என்றால்தான், “செரி, நம்ம ஆளு” என்பாள்.

அதோடு முடியாது. ஜாஸ்பர் என்பது வெறும் வீட்டுப் பெயராம். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் ஒன்று வேண்டும். அதை இழைத்து முடிக்கும்வரை சொல்லமாட்டாள். “மூஞ்சி கழுவட்டும். பொறவு பேரு வைப்போம்” என்பாள். தவிட்டு நிறத்தில் கனிந்து இருந்தவற்றுக்குக் கருப்பட்டிப்பாகு என்று பெயர். சிவப்பில் மெல்லிய கறுப்பு வரி ஓடினால் மீன்செவுள். பச்சையில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு இருந்த கல்லுக்குக் கொக்கு என்று வைத்தாள். பச்சை வயலில் ஒற்றைக்கொக்கு நின்றால் அப்படித்தானே இருக்கும் என்றாள். பழுப்பும் நீலமும் அடுக்கடுக்காக ஏறி மலைபோலத் தெரிந்த ஒன்றுக்குப் பேச்சிப்பாறை என்று வைத்து, அதை விற்கவே விடவில்லை.

ஒருநாள் நான் ஒரு பச்சைக் கல்லைப் பார்த்து, “மரகதம் மாதிரி இருக்கு மயினி” என்று சொல்லிவிட்டேன். வில்லின் சத்தம் நின்றது.

“இதுக்கு என்ன கொறைன்னு இன்னொருத்தி பேரைக் கொண்டு குடுக்கே?” என்று கேட்டாள்.

நான் புகழ்ந்துதான் சொன்னேன் என்றேன். “புகழல. இது மரகதமா இல்லாமப் போச்சேன்னு சொல்லிட்டே” என்று மறுபடியும் வில்லை இழுக்கத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு கல்லுக்காக மனுஷியிடம் இப்படிப் பேசுவார்களா என்று அம்மையிடம் போய்ச் சொன்னேன். அம்மை, “அவ கல்லோட பொறந்தவ மக்கா, நீ எட்டியே நில்லு” என்றாள்.

ஊர்ப் பெண்கள் எட்டி நிற்கவில்லை. அவள் எந்த வகையைச் சேர்ந்தவள் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. குளத்துப் படியில் துணி துவைக்கும்போது ஒருத்தி நேராகவே கேட்டாள்: “உங்க ஆளுக எல்லாம் என்ன வகை?”

மயினி சேலையைப் பிழிந்துகொண்டே, “எங்கப்பா கல்லு இழைச்சாரு. நானும் இழைக்கேன். அதுக்குமேல ஒரு வகை வேணும்னா நீங்களே ஒண்ணு வச்சுக்கிடுங்க. ஆனா அதைச் சொல்லி விளிச்சா நான் திரும்பமாட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு சில மாதங்கள் அவள் குளிக்க இறங்கினால் மற்றவர்கள் ஏறிவிடுவார்கள். அவள் நிதானமாக, படித்துறை முழுவதும் தனக்கே என்பது போலக் குளித்துவிட்டு வருவாள்.

தவறே செய்யாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. சுசீந்திரத்திலிருந்து வந்த ஒரு வாத்தியாருக்கு மோதிரக் கல் ஒன்றைச் சிவப்பு ஜாஸ்பர் என்று அண்ணன் மூலம் கொடுத்தனுப்பினாள். அதே கிழங்கிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டை மெலிதாக இழைத்தபோது அதன் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. கல்லைக் கீழே வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வெயிலிலேயே சுசீந்திரத்துக்கு நடந்தாள். துணைக்கு நான் போனேன். வாத்தியார் நல்ல மனிதர். “அதனால என்னம்மா, பாக்க அழகா இருக்கு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரித்தார்.

“உங்களுக்கு ஒண்ணுதான். அதுக்கு ஒண்ணு இல்ல” என்றாள் மயினி. அதன் சரியான பெயரை அவர் வாயால் திரும்பச் சொல்லும்வரை வாசலை விட்டு நகரவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்க்க எனக்கு முதல்முறையாக இரக்கமாக இருந்தது.

அண்ணன் வேறு மாதிரி. யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். கன்னியாகுமரிக் கோயில் தெருவில் கடை வைத்திருந்த ஒருவர் அவனிடம் சிவப்புக் குமிழ்களாகக் கேட்டார். எதற்கென்று அண்ணனுக்குத் தெரியும். வடக்கேயிருந்து வருகிறவர்களிடம் பவழம் என்று சொல்லி விற்பதற்கு. அண்ணனும் பவழம் என்றே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த மாதம் வீட்டில் கஞ்சிக்குப் பதில் இரண்டு வேளை சோறு பொங்கியது. மயினி ஏன் என்று கேட்டாள். அண்ணனுக்குப் பொய் சொல்லவும் தெரியாது.

அமாவாசைக் கூட்டம் நிறைந்திருந்த ஒரு காலையில் அவள் அந்தக் கடை முன்னால் போய் நின்றாள். வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் சிவப்புக் கல்லைக் கையில் எடுக்கும்போது, “இந்த ஜாஸ்பரு என் கையால இழைச்சது. நல்ல கல்லு. பவழம்னு மட்டும் வாங்காதீங்க” என்றாள். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு ஆளை விட்டு அப்புறப்படுத்தப் பார்த்தார். அவள் தெருவில் இறங்கி நின்று அதையே சொன்னாள். உச்சிவெயில்வரை நின்றாள்.

அந்த வியாபாரம் அதோடு போயிற்று. மற்ற கடைக்காரர்களும் எங்களிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். மறுபடியும் கஞ்சி. அண்ணன் அவளோடு பேசவில்லை. அம்மை தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு பேருக்காக என் பிள்ள சோத்துல மண்ணைப் போட்டாளே.”

“பொய்ச் சோறு எறங்காது எனக்கு” என்றாள் மயினி.

“உனக்கு எறங்காட்டா போகட்டும். எங்களுக்கு எறங்கும்” என்றாள் அம்மை. மயினி பின்கட்டுக்குப் போய் வில்லை எடுத்தாள். வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு மாப்பிள்ளை வந்தது. தாழக்குடிப் பக்கம் பெரிய குடும்பம். எங்களைப் போலவே மருமக்கள் வழி. சொத்து பெண் வழியில் இறங்கும். ஆனால் பெட்டியின் சாவி அந்தப் பெண்ணின் மூத்த சகோதரன் இடுப்பில் இருக்கும். அவரைக் காரணவர் என்போம். மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் அங்கே காரணவர். பல்லக்கில் போகாவிட்டாலும் போவது போலவே நடப்பவர். மாப்பிள்ளையின் அம்மை விதவை. காரணவரான தன் அண்ணன் எடுத்துக் கொடுத்தால் உடுத்துவாள், இல்லாவிட்டால் பழையதைத் துவைத்து உடுத்துவாள்.

நிச்சயத்துக்கு முதல்நாள் அம்மை மயினியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். “ஏட்டி, நாளைக்கு ஒரு நாளு வாயை மூடிக்கிட்டு இரி. இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பொறக்கட்டும்.”

“நானா எதுவும் மிண்டமாட்டேன்” என்றாள் மயினி. “கேட்டா மட்டும் சொல்லுவேன்.”

“உன்கிட்ட யாரு என்ன கேக்கப் போறா?”

மறுநாள் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டம் கைமாறியது. காரணவர் மடியிலிருந்து ஒரு பட்டுத்துணியை எடுத்து அவிழ்த்தார். உள்ளே தங்கத்தில் பதித்த சிவப்புக் குமிழ்களாக ஒரு மாலை. மாப்பிள்ளையின் அம்மைக்கு அவளுடைய அம்மை விட்டுப்போன பவழமாலை. இத்தனை வருஷமாகக் காரணவரின் இரும்புப்பெட்டியில் இருந்தது. அவளுக்குப் பெண்பிள்ளை இல்லாததால் மருமகளாக வருகிற எனக்குப் போடலாம் என்று அவர் சம்மதித்திருந்தார். அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அந்த மாலையின் மேலேயே கண்.

கதவோரம் நின்ற மயினியை அவர் பார்த்துவிட்டார். “கல்லு அறிஞ்ச பொம்பள இந்த வீட்ல உண்டுன்னு கேள்விப்பட்டேன். நீயா? வா, பாத்துச் சொல்லு. இது மாதிரி நீ கண்டிருக்கமாட்டே.”

மயினி வந்து வாங்கினாள். கன்னத்தில் வைத்தாள். வாசல் வெளிச்சத்தில் திருப்பினாள். அம்மையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “நல்ல கல்லு. நல்லா இழைச்சிருக்கு” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். “கல்லா? பவழம்னு சொல்லு” என்றார்.

“பவழம் இல்ல. செவப்பு ஜாஸ்பரு.”

காரணவர் எழுந்துவிட்டார். கடல் தாண்டி வந்தவள், ஊர் பேர் தெரியாதவள், சாணை பிடிக்கிறவள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மயினி எல்லாவற்றையும் கேட்டு முடித்து, “பவழம்னா கத்தி பட்டா கீறல் விழும். ஜாஸ்பருன்னா விழாது. ஒரு கல்லுல ஓரமா ஒரு கோடு இழுத்தாப் போதும். கீறல் விழுந்தா நான் இந்த வீட்டை விட்டுப் போறேன்” என்றாள்.

அம்மை விம்முவது கேட்டது. காரணவர் அண்ணனைப் பார்த்துத் திரும்பினார். “வே, உம்ம பெஞ்சாதியை உள்ள போகச் சொல்லும். இல்லாட்டா இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லாதவன் அவன். இதே சிவப்புக் கல்லைப் பவழம் என்று விற்றவன். அவன் என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. உள்ளே போகச் சொல்லு என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அண்ணன், “யாராவது அந்தப் பாக்கு சீவுத கத்தியை எடுங்க” என்றான்.

யாரும் எடுக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மை எழுந்து வந்தாள். தட்டத்திலிருந்து கத்தியை எடுத்து மயினி கையில் கொடுத்தாள். “எங்கம்மை கழுத்துல இது வேர்வை பட்டு மங்கிப்போயிக் கிடந்தது” என்றாள். “பெட்டியில இருந்து மினுமினுன்னு வந்தப்பவே கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல. நீ இழு மக்கா.”

மயினி ஒரு குமிழின் ஓரத்தில் அழுத்தி இழுத்தாள். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. “பாத்தியா, கீறிட்டா” என்று ஒருவர் சொன்னார். மயினி விரலை நாக்கில் தொட்டுத் துடைத்தாள். கோடு போய்விட்டது. “அது கத்தியோட இரும்பு. கல்லு அப்படியே இருக்கு” என்று மாலையை நீட்டினாள். பிறகு காரணவரின் விரலில் இருந்த பவழமோதிரத்தைக் காட்டி, “அது கீறுதான்னும் இழுத்துப் பாக்கலாமா?” என்றாள்.

அவர் கையை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். அவருடைய தங்கை அதைப் பார்த்தாள். நாங்கள் எல்லோருமே பார்த்தோம்.

அவர் தன் ஆட்களோடு எழுந்து போனார். தங்கை போகவில்லை, மகனும் போகவில்லை. அவள் அந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்தாள். “எங்கிட்ட இப்போ இது ஒண்ணுதான் இருக்கு. ஜாஸ்பரு மாலைன்னு சொல்லியே போடுகேன். சம்மதமா?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுக்களையில் மயினியிடம் கேட்டேன். “அவ்வோ எல்லாரும் எந்திரிச்சுப் போயிருந்தா என் கல்யாணம் என்னவாயிருக்கும்?”

“நின்னு போயிருக்கும்.”

“அப்பவும் சொல்லியிருப்பியா?”

“சொல்லியிருப்பேன்” என்றாள், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பதிலை நான் மன்னித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் மன்னிப்பு எதிர்பார்க்கவும் இல்லை.

கல்யாணம் ஆடம்பரம் இல்லாமல் நடந்தது. குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில்தான் சட்டம் வந்திருந்தது. என் மாமியார் தன் பங்கையும் அம்மையின் பவழத்தையும் கேட்டு நாகர்கோவில் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். தங்கை அண்ணன்மேல் வழக்குப் போடுவதா என்று ஊர் முழுக்கப் பேசியது. மயினிதான் முக்கிய சாட்சி. வீட்டுப் பெண் கோர்ட்டு ஏறக்கூடாது என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு ஏறினாள்.

காரணவரின் வக்கீல் கெட்டிக்காரர். பவழத்தை மாற்றியது இவளாகவே இருக்கலாம் என்றார். கூடம் நிறைந்த ஆட்களுக்கு நடுவில் கையில் வாங்கியதை எப்படி மாற்ற முடியும் என்று மயினி கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “உன் புருஷன் இதே கல்லைப் பவழம் என்று விற்றது உண்டா, இல்லையா?”

அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். இல்லை என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. அண்ணன் பவழம் என்று சொன்னதை நேரில் கேட்டது அந்தக் கோயில் தெருக் கடைக்காரர் ஒருவர்தான், அவரும் செத்துப்போயிருந்தார்.

“உண்டு” என்றாள் மயினி. “வித்தாரு. நான் போய் நிறுத்தினேன்.”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அண்ணன் தலையைக் குனியவில்லை. ஆனால் அவன் காதுமடல் சிவந்து, வேட்டி நுனியை விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன. என் மாமியாருக்கு நிலத்தில் பங்கும் ஒரு பழைய வீடும் கிடைத்தன. பவழம் கிடைக்கவில்லை. மாற்றியது யார் என்று தீர்ப்பில் ஒரு வார்த்தை இல்லை.

அப்போது நான் மூத்தவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். பேறுகாலத்துக்கு அவர்களோடு கொட்டாரம் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அண்ணன் நின்றான்.

“ஊரு முழுக்க நான் கள்ளப்பேரு சொல்லி வித்தவன்னு ஆயாச்சு” என்றான். “இனி என்கிட்ட யாரு நம்பி வாங்குவா? நாளையிலேர்ந்து கடையில நீயே இரி. நான் மூட்டை எடுத்துட்டு வாரேன்.”

மயினி அவனை உற்றுப் பார்த்தாள். கோபத்தில் சொல்கிறானா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். “நெசமாத்தான் சொல்லுதீங்களா?”

“நான் நெசம் சொன்னா நீயே நம்பமாட்டேங்கே.”

அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

எங்கள் ஆட்களில் ஒரு பெண் சந்திப்பில் கடையில் உட்கார்ந்தது அதற்கு முன் கிடையாது. மறுநாள் காலையில் மயினி பலகைகளை அவளே எடுத்துவைத்து, சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். கல் வாங்க ஒருவரும் வரவில்லை. பார்க்கத்தான் வந்தார்கள். குளத்துப் படியில் வகை கேட்டவளும் வந்தாள். எதிர்ப்பக்கம் நின்று கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். மயினியும் வில்லை இழுத்துக்கொண்டே அவர்களைப் பார்த்தாள். அவள் கண்ணைத் தாழ்த்தியதை நான் காணவில்லை. கடைசியில் அவர்கள்தான் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் கடற்கரையிலிருந்து மீன் விற்றுத் திரும்பிய ஒரு பெண் காலிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கடைமுன் குந்தினாள். ஒரு மஞ்சள் குமிழை விரலில் எடுத்துப் பார்த்து, “இது புஷ்பராகமா அக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றாள் மயினி.

“அப்போ என்ன?”

மயினி வில்லைக் கீழே வைத்துவிட்டு, சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.